மூன்றாவது கல்

தொல்லியல் ஆய்வுகூடத்தில் மூத்தவளான ரெகூலா அந்தப் பீரங்கிக் குண்டைத் தராசில் இறக்கி வைத்தாள். எண்கள் கொஞ்சம் தள்ளாடிவிட்டு ஏழரைக் கிலோவுக்குப் பக்கத்தில் நின்றன. கிருசிகா கையிலிருந்த அளவுக் கவையை மறுபடியும் குண்டின் இடுப்பில் பூட்டிப் பார்த்தாள். பதினைந்து சென்ரிமீற்றர். துருவும் மண்ணும் சேர்ந்து கட்டியிருந்த தோலைக் கழித்துப் பார்த்தாலும் கணக்கு உதைத்தது. இந்தப் பருமனில் முழு இரும்பென்றால் பன்னிரண்டு கிலோவுக்குக் குறையக்கூடாது. மீதிப் பாரம் எங்கே போயிற்று என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை. நடுவில் இரும்பு இல்லை, வேறு ஏதோ இருக்கிறது.

"கிரனாட்ட," என்றாள் ரெகூலா, குழந்தை தூங்கும் அறையில் பேசுவதுபோல. கைகளை மெதுவாக எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "அப்படியே இருக்கட்டும். ஜாக்கெட்டைக்கூட எடுக்காதே. வெளியே போவோம்."

பழைய பீரங்கிக் குண்டுகளில் இரண்டு வகை உண்டு என்பது இந்த வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே கிருசிகாவுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டது. ஒன்று முழு இரும்பு. சுவரை உடைக்கும், ஆளை உடைக்கும், அதோடு அதன் கதை முடிந்தது. நூதனசாலைகளில் கூடைகூடையாகக் கிடக்கும், கதவு அடைக்க வைத்தாலும் ஒன்றும் செய்யாது. மற்றது கோது, ரெகூலா தன் மொழியில் சொன்ன கிரனாட்ட. உள்ளே கருமருந்து அடைத்து, ஓட்டையில் மரத் திரியைச் செருகி எறிவார்கள். வெடிக்காமல் மண்ணில் புதைந்தால் திரி இருந்த ஓட்டையைத் துரு இறுக்கி மூடிவிடும், மருந்து இருநூறு வருடம் போனாலும் காய்ந்தபடி காத்திருக்கும். வெளியே பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரித்தான். ஆகவே இரும்புக் குண்டு எது வந்தாலும் தூரிகை படுமுன் அளக்க வேண்டும், நிறுக்க வேண்டும். பார்த்து மட்டும் சொல்லவே கூடாது.

வாசலைத் தாண்டி வாகனத் தரிப்பிடத்துக்கு வந்தபோதுதான் கிருசிகாவைப் பயம் பிடித்தது. மேசையில் கிடந்த குண்டு அதற்குக் காரணமில்லை. அந்தக் குண்டு எங்கிருந்து வந்தது என்பது அவளுக்குத் தெரியும். ஷாஃப்ஹவுசனுக்கு வெளியே, ரைன் ஆற்றங்கரையில், பிரெஞ்சுக்காரரும் ஒஸ்திரியரும் ஒருகாலத்தில் எதிரும் புதிருமாக நின்ற இடத்தில் ஒரு பழைய எல்லை மண்மேடு இருக்கிறது. அதன் அடிவாரத்தில் இலையுதிர் காலத்தில் தண்ணீர்க் குழாய் பதிக்க வாய்க்கால் வெட்டினார்கள். வெட்டிக் கொட்டிய மண்ணை உலோகம் காட்டும் கருவியோடு தேடிப் பார்க்க அனுமதி பெற்ற ஓர் ஓய்வுபெற்ற தபால்காரர் சனிக்கிழமை இதைக் கண்டெடுத்து, கம்பளியில் சுற்றி, குழந்தைப்பிள்ளை மாதிரி மடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த வாய்க்காலை வெட்டிய கூட்டத்தில் ஒருவர் யோகராஜா. கிருசிகாவின் அப்பா.

ஒக்ரோபரில் ஒரு நாள் மத்தியானம் அப்பாவிடமிருந்து வட்ஸப்பில் ஒரு படம் வந்தது. கையுறை போட்ட கையில் துருப்பிடித்த உருண்டை. கீழே, "பிள்ளை, இது என்ன சாமான்?" அவள் அப்போது ரயில் நிலையத்தில் நின்று சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். படத்தை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. "பழைய பீரங்கிக் குண்டு. முழு இரும்பு. பயமில்லை. பொலியரிட்டைக் குடுத்துவிடுங்கோ," என்று எழுதினாள். பொலியர் என்றால் அப்பாவின் வேலைத்தலத்து மேற்பார்வையாளர். அப்பா உடனே பதில் போட்டார்: "பாக்கிற அளவுக்குப் பாரமில்லை பிள்ளை." அதற்கு அவள் ஒரு கட்டைவிரல் குறியை அனுப்பிவிட்டு ரயில் ஏறினாள்.

அப்பா குண்டைப் பொலியரிடம் கொடுக்கவில்லை, தன்னிடமே வைத்துக்கொண்டார் என்பது பிறகு அவளுக்குத் தெரியவந்தது. கொடுத்தால் வேலையை நிறுத்துவார்கள், நிறுத்தினால் யாரால் நிறுத்தியது என்று பார்ப்பார்கள், பார்த்தால் யோகராஜாவின் முகம்தான் தெரியும் என்று அவருக்குப் பயம். இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருடமாகியும் சீருடை போட்ட ஒருவன் வீதியில் வந்தால் மற்றப் பக்கத்துக்கு மாறிவிடும் மனிதர் அவர். மகளோ கன்ரோனுக்கு, அதாவது மாநில அரசுக்கு, வேலை செய்பவள், நிலத்தில் கிடைத்தது கன்ரோனுக்குச் சொந்தம் என்று சட்டம் தெரிந்தவள். முறைப்படி அவள் அறிவித்திருக்க வேண்டும். அறிவித்தால் அப்பாவின் வேலை போகும், தன்னுடையதும் ஆட்டம் காணும். அதனால் அது முழு இரும்பாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். யோசித்துப் பார்த்தால் அவள் அதை அடையாளம் காணவே இல்லை. தனக்கு வசதியான பெயரை வைத்துவிட்டாள், அவ்வளவுதான்.

ரெகூலா தொலைபேசியில் பொலிசோடு பேசிக்கொண்டிருக்கும்போது கிருசிகாவின் கைபேசி துடித்தது. குடும்பக் குழுவில் அண்ணன் ஜெரோசன் ஒரு படம் போட்டிருந்தான். இன்று பொங்கல். செவ்வாய்க்கிழமை என்பதால் அவளுக்கு விடுமுறை கிடைக்கவில்லை, மத்தியானம் வந்து சாப்பிடுவதாகச் சொல்லியிருந்தாள். அப்பாவுக்குப் பனிக்காலத்தில் வேலை இல்லாத வாரங்கள். அண்ணனின் மகன் ஆருஷுக்கு இது முதல் பொங்கல். அடுப்படியில் மின்சார அடுப்பில் பொங்கினால் அது பாயசம்தான், பொங்கல் இல்லை என்று அப்பா ஒரு மாதமாகச் சொல்லி, மேட்டுப் பக்கத்தில் வாடகைக்கு வைத்திருக்கும் தோட்டத் துண்டில் முற்றம் கூட்டி, கோலம் போட்டு, அடுப்புக் கல் மூன்று வைத்துப் பொங்கத் தீர்மானித்திருந்தார். படத்தில் பனியை ஒதுக்கிய கறுப்பு மண் தெரிந்தது. பானைக்கு மஞ்சள் இலை கட்டியிருந்தது. அடியில் விறகு எரிந்தது. இரண்டு பக்கமும் இரண்டு ஆற்றுக்கற்கள். முன்னுக்கு, பாதி மண்ணில் புதைத்து, மூன்று குறி விபூதி பூசி, நடுவில் சந்தனப் பொட்டு வைத்து, உருண்டையாக ஒன்று. படத்தின் கீழே அண்ணன் எழுதியிருந்தான்: "ஒரு கல்லு பனிக்கு வெடிச்சுப் போச்சு. அப்பாவின்ரை இரும்புக் கல்லுத்தான் கைகொடுத்தது."

படத்தை விரித்தாள். விபூதிக் குறிக்கு மேலே, நெருப்புப் பக்கமாகத் திரும்பிய இடத்தில், ஒரு சிறிய வட்டத் தழும்பு, திரியின் ஓட்டை இருந்த இடம். ஒக்ரோபரில் விரித்துப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

அண்ணனுக்கு அழைத்தாள். வேறு அழைப்பில் இருந்தான். லண்டனில் இருக்கும் சித்திக்குக் காட்டிக்கொண்டிருப்பான், நேற்றிரவே சொல்லியிருந்தான். அப்பாவுக்கு அடித்தாள். அடித்து அடித்து ஓய்ந்தது. அம்மாவின் கைபேசி வழக்கம்போல வீட்டில் மின்னேற்றியில் கிடக்கும். ரெகூலா இவளைப் பார்த்தாள். இப்போது சொல்ல வேண்டும். சொன்னால் ஒக்ரோபரும் வெளியே வரும். அந்த இடத்தில் அவளுக்கு ஒரு கணம் நாக்கு எழவில்லை, குழந்தை நெருப்புக்குப் பக்கத்தில் இருக்கும்போதும் எழவில்லை. பிறகு எத்தனை நாள் நினைத்தாலும் அந்தக் கணத்தை நினைத்துத்தான் அவளுக்கு உடம்பு கூசும்.

"இன்னொன்று இருக்கிறது," என்றாள். "என் அப்பாவிடம். நெருப்பில் வைத்திருக்கிறார்."

ரெகூலா ஏன், எப்படி என்று கேட்கவில்லை. கார்ச் சாவியைக் கையில் திணித்தாள். "இடத்தைச் சொல், பொலிசுக்குச் சொல்கிறேன். நீ போ. பக்கத்தில் போகாதே, தூரத்தில் நின்று கூப்பிடு."

பாலத்தில் உப்புத் தூவும் வண்டியொன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் ஆரஞ்சு விளக்கு சுழன்று சுழன்று கண்ணைக் குத்தியது. கிருசிகா இடது கையால் மறுபடியும் மறுபடியும் அண்ணனின் பெயரை அழுத்தினாள். வேறு அழைப்பில், வேறு அழைப்பில். குண்டு எவ்வளவு நேரமாக நெருப்பில் இருக்கிறது? பாதி மண்ணுக்குள் இருப்பதால் சூடு ஏற நேரமெடுக்கலாம். மண் ஈரம், அதுவும் நல்லது. இருநூறு வருடத்தில் மருந்துக்குத் தண்ணீர் போயிருக்கலாம். இப்படி ஒவ்வொன்றாக எடுத்துத் தனக்குத்தானே ஆறுதல் சொன்னாள், சொல்லிமுடிக்குமுன்பே ஒவ்வொன்றும் கழன்று விழுந்தது. ஒக்ரோபரிலும் இப்படித்தானே தனக்கு ஆறுதல் சொன்னாள்.

போய் என்ன சொல்வது என்பது அடுத்த பயமாக வந்தது. அப்பாவை அவளுக்குத் தெரியும். பால் பொங்கும் நேரம் வானமே இடிந்து விழுந்தாலும் அடுப்பை விட்டு நகர மாட்டார். முதல் பேரன், முதல் பொங்கல், பானை வழியாமல் நெருப்பை அணைத்தால் அது எவ்வளவு பெரிய அபசகுனம். கிரனாட்ட என்றால் அவருக்கு விளங்காது. வெடிபொருள் என்றால் செய்தி வாசிப்பதுபோல இருக்கும். உள்ளே கருமருந்து, திரி, துரு என்று விளக்கத் தொடங்கினால் ஒரு பானை பொங்கி அடங்கிவிடும். தமிழில் நன்றாகக் கதைக்கிற பிள்ளை என்று கோயிலில் எல்லோரும் மெச்சும் அவளுக்கு, இப்போது தேவைப்பட்ட ஒரு சொல் வாயில் வரவில்லை.

அப்பாவும் அம்மாவும் ஊரில் நடந்த போரைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. தொண்ணூற்றொன்றில் வந்தோம், கஷ்டப்பட்டுத்தான் வந்தோம், அதோடு கதை முடியும். ஆனால் ஓகஸ்ட் முதலாம் திகதி, தேசிய நாளன்று, நாடெங்கும் வாணவேடிக்கை நடக்கும்போது, அவர்கள் வீட்டில் மட்டும் யன்னல் அடைப்புகள் எல்லாம் இறங்கியிருக்கும். வெயில் கொளுத்தினாலும் இறங்கியிருக்கும். தொலைக்காட்சியின் சத்தம் கூடும். அம்மா பிள்ளைகள் இரண்டு பேரையும் அறைகளுக்கு நடுவே போகும் ஓடையில், சுவருக்கும் சுவருக்கும் நடுவில் இருத்திவைத்து மாம்பழம் வெட்டிக்கொடுப்பாள். ஏழு வயதில் கிருசிகா ஒருமுறை அழுது அடம்பிடித்து பால்கனிக் கதவைத் திறந்துவிட்டாள். கீழ்வீட்டுக்காரர் விட்ட வாணம் ஒன்று விசிலடித்துக்கொண்டு மேலே போனது. அடுத்த கணம் அவள் சாப்பாட்டு மேசைக்குக் கீழே இருந்தாள், அவளுக்கு மேல் அம்மா இருந்தாள். அம்மா அப்போது ஒரு சொல் சொன்னாள், ஊரில் விசிலடித்து வந்து விழுந்து வெடிக்கும் குண்டின் பெயர். வாணம் வெடித்து மேலே பச்சைப் பூவாக விரிந்தபிறகு அம்மா எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு, முகத்தைப் பார்க்காமல் தேத்தண்ணி போடப் போய்விட்டாள். அந்தச் சொல்லை அந்த வீட்டில் அதன்பிறகு யாரும் சொல்லவில்லை.

தோட்டத்துக்குள் கார் போகாது. படலையடியில் காரைக் குறுக்காக விட்டுவிட்டு ஓடினாள். காலணியின் அடி பனியில் வழுக்கியது. குளிருக்கு மூடிக்கிடந்த சின்னச் சின்னக் குடில்களுக்கு மேலாகப் புகை நேராக எழுந்து நின்றது. காற்றே இல்லை. இன்னும் வெடிக்கவில்லை, இன்னும் வெடிக்கவில்லை என்று மூச்சோடு மூச்சாகச் சொல்லிக்கொண்டு ஓடினாள்.

வேலிக்கு வெளியிலிருந்தே எல்லோரையும் கண்டாள். சூரியன் அப்போதுதான் மரங்களுக்கு மேல் வந்திருந்தது. அப்பா மழைச் சட்டைக்கு மேல் வேட்டி சுற்றிக்கொண்டு, குந்தியிருந்து, மட்டையால் நெருப்பை விசிறினார். அம்மா ஜெயகௌரி குளிர்ச்சட்டைக்குள் சேலையோடு, ஒரு கையில் அரிசிச் சுளகும் இடுப்பில் ஆருஷும். குழந்தை உருண்ட தொப்பிக்குள்ளிருந்து நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணன் கைபேசியைப் பானைக்கு நேரே நீட்டிப் பிடித்திருந்தான்.

"அப்பா, தள்ளி வாங்கோ. எல்லாரும் தள்ளி வாங்கோ."

"வந்திட்டியோ பிள்ளை," என்றார் அப்பா, திரும்பாமலே. முகம் நிறையச் சிரிப்பு. "நல்ல நேரத்துக்கு வந்தாய். இப்ப பொங்கப்போகுது, நில்லு."

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வா கிருசி," என்றாள் அம்மா. "கோலத்தை மிதிச்சுப்போடாதை."

"அம்மா, அந்தக் குண்டு. அது முழு இரும்பு இல்லை. உள்ளுக்கு மருந்து இருக்கு."

அப்பா விசிறுவதை நிறுத்தினார். குனிந்து, விபூதி பூசிய அந்த உருண்டையைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். அவர் முகத்தில் பயம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"நீதானே பயமில்லை எண்டு சொன்னனீ."

அவள் வேலியைத் தாண்டி அவருக்குப் பக்கத்தில் போனாள். பானையின் வாயில் நுரை திரண்டு நடுவில் மேடாக எழுந்துகொண்டிருந்தது. அப்பா மறுபடியும் மட்டையைத் தூக்கினார், இன்னும் கொஞ்சம்தான் என்பதுபோல. கிருசிகாவுக்கு மேசைக்குக் கீழே கிடந்த அந்த இருட்டும் அம்மா சொன்ன சொல்லும் ஞாபகம் வந்தன. சத்தம் போடவில்லை. உள்ளதைச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள்.

"அப்பா, செல்."

சொல்லி வாய் மூடவில்லை. அம்மா அங்கே இல்லை. சுளகு காற்றில் கவிழ்ந்து அரிசி பனியில் சிந்தியபோது அம்மா குழந்தையோடு பக்கத்துத் தோட்டத்துக் கல் அணைக்குப் பின்னால் போய் விழுந்திருந்தாள். முழங்கால் நோவு என்று படி ஏறாத அம்மா. அப்பாவின் கை கிருசிகாவின் மேற்கையை இரும்பாகப் பிடித்தது. அந்தக் கைக்கு அவ்வளவு பலம் இருந்தது அவளுக்குத் தெரியாது. அவளைத் தூக்கி எறியாத குறையாக அணைக்குப் பின்னால் தள்ளிவிட்டார், தானும் விழப்போனவர் திரும்பிப் பார்த்தார்.

ஜெரோசன் நின்ற இடத்திலேயே நின்றான். கைபேசியை நீட்டியபடி நின்றான். "என்ன? என்ன நடந்தது?" என்று கேட்டான். அவனும் இந்த நாட்டில் பிறந்தவன். அந்தச் சொல் அவனுக்கு வெறும் சொல்.

"ஐயோ, தம்பி," என்றாள் அம்மா, தலையைத் தூக்காமல்.

அப்பா திரும்பிப் போனார். ஓடவில்லை, நிமிரவும் இல்லை. வளைந்து, நிலத்தோடு நிலமாக, கைகளும் ஊன்றிப் போனார். இந்த அப்பாவைக் கிருசிகா கண்டதில்லை. போய் மகனின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். கைபேசி பனியில் போய் விழுந்தது. இரண்டு பேரும் உருண்டும் தவழ்ந்தும் வந்து அணைக்குப் பின்னால் சேர்ந்தபோது, அப்பாவின் வேட்டி அடுப்படியிலேயே கிடந்தது.

கைபேசிக்குள்ளிருந்து சித்தியின் குரல் கேட்டது. லண்டனில் தன் வீட்டு அடுப்படியில் இருக்கிறவள், ஒன்றும் விளங்காமல் முதலில் அக்கா, அக்கா என்று கூப்பிட்டாள். அவளுக்கும் அந்தச் சொல் கேட்டிருக்க வேண்டும். பிறகு மெல்லிய, தட்டையான குரலில் சொல்லிக்கொண்டேயிருந்தாள்.

"படுங்கோ பிள்ளையள். எழும்பாதேங்கோ. படுங்கோ."

தூரத்தில், பாலத்துப் பக்கமாக, பொலிஸ் வண்டியின் சத்தம் கேட்டது. இன்னும் எவ்வளவு தூரம் என்று தெரியவில்லை. கிருசிகா அணையின் கல்லில் நெற்றி முட்டக் கிடந்தாள். மூக்குக்குள் பனி போயிருந்தது. பக்கத்தில் அம்மா குழந்தையைத் தன் நெஞ்சுக்கு அடியில் குகைபோல வைத்து, இரண்டு முழங்கைகளிலும் உடம்பைத் தாங்கியிருந்தாள். அம்மா நடுங்கவில்லை. வெட்கப்படவும் இல்லை. எதைச் செய்ய வேண்டுமோ அதைச் செய்துகொண்டிருந்தாள். ஒரு கை நீண்டு வந்து கிருசிகாவின் வயிற்றுக்குக் கீழே நுழைந்து மேலே தள்ளியது.

"வயித்தை நிலத்திலை முட்டவிடாதை," என்றாள் அம்மா. "காதைப் பொத்து. வாயைத் திற. திறந்துகொண்டிரு, இல்லாட்டிக் காது போயிடும். தம்பி, நீயும்."

கிருசிகா வாயைத் திறந்தாள். அண்ணனும் திறந்தான். அவன் கண்ணில் தண்ணீர் வழிந்தது. அப்பா அவர்கள் இரண்டு பேருக்கும் குறுக்காகக் கையை விரித்துப் படுத்திருந்தார். நரைத்த மீசையில் சாம்பல், வாய் அகலத் திறந்திருந்தது. என்ரை பிழை அப்பா என்று சொல்ல அவளுக்கு வாய் உன்னியது, திறந்த வாயால் அதைச் சொல்ல முடியவில்லை.

கல் அணையில் ஓர் இடைவெளி இருந்தது. அதற்குள்ளால் அவளுக்கு அடுப்பு தெரிந்தது. நுரை பானையின் விளிம்பில் ஒரு கணம் தயங்கி நின்று, பிறகு நான்கு பக்கமும் வழியத் தொடங்கியது. கிழக்குப் பக்கமாகத்தான் முதலில் வழிந்தது. மஞ்சள் இலையை நனைத்து, ஆற்றுக்கற்களை நனைத்து, விபூதிக் குறிகளை ஒவ்வொன்றாகக் கரைத்துக்கொண்டு அந்தக் கறுத்த உருண்டையின் மேல் வெள்ளையாக இறங்கியது. நெருப்பு சீறிப் புகைந்தது, அணையவில்லை. அணைக்குப் பின்னால் எல்லோரும் வாயைத் திறந்தபடி கிடந்தார்கள். ஒருவரும் ஒரு சத்தமும் போடவில்லை.